சொந்தக் குளத்துக்கு வாடகை

சான் டிர்சோ நகரசபைக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய பணம் தேவைப்பட்டால் தன் வீட்டைத் தானே வாடகைக்கு விட்டு, தானே அதில் குடியிருக்கும். கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் கலிபோர்னியாவில் இதற்கு யாரும் புருவத்தைக்கூட உயர்த்துவதில்லை.

நகரசபை நேரடியாகக் கடன் வாங்க வேண்டுமானால் ஊரில் ஓட்டெடுப்பு நடத்தி, மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்று சொல்ல வேண்டும். சான் டிர்சோவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பக்கத்து ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்பது. ஆகவே நகரசபை என்ன செய்யும்? தன் கட்டடம் ஒன்றை 'நிதிக் கழகம்' என்கிற அமைப்புக்குக் குத்தகைக்குக் கொடுக்கும். கழகம் அதே கட்டடத்தை நகரசபைக்கே திருப்பி வாடகைக்கு விடும். நகரசபை முப்பது வருஷம் கட்டப்போகிற அந்த வாடகையைக் காட்டி, கழகம் கடன் பத்திரம் விற்கும். எங்கோ இருக்கிற யாரோ அந்தப் பத்திரத்தை வாங்குவார்கள். பணம் வந்து சேரும். இது கடனா? சேச்சே, வாடகை. சட்டமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்.

அந்த நிதிக் கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கேட்டீர்களானால், நகரசபையில் இருக்கிற அதே ஐந்து பேர். மேஜை மேல் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். ஒரு பக்கம் 'நகரசபை உறுப்பினர்', மறுபக்கம் 'கழக இயக்குநர்'. மேயர் சுத்தியலைத் தட்டி நகரசபைக் கூட்டத்தை நிறுத்துவார். ஐந்து பேரும் பலகையைத் திருப்பிவைப்பார்கள். மேயர் மறுபடி தட்டுவார். இப்போது அவர்கள் வீட்டுக்காரர்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் வேண்டாம்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி தியோலிந்தா சில்வெய்ரா. அறுபத்திரண்டு வயது. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து பால் பண்ணை வைத்த குடும்பத்துப் பெண். முப்பது வருஷம் மாட்டு ஏலக் கொட்டகை நடத்தியவள். வாங்குகிறவன் கண்ணையும் விற்கிறவன் கண்ணையும் ஒரே சமயத்தில் பார்த்துப் பழகியவள். அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பிய மாட்டுத் தரகன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

மேயர் லியோனல் சில்வெய்ரா அவளுடைய கணவனின் தம்பி. அதாவது கொழுந்தன். வீட்டில் "அண்ணி" என்று கூப்பிட்டுச் சாப்பாட்டுத் தட்டை நீட்டுகிறவர். சபையில் "மதிப்புக்குரிய உறுப்பினர்" என்று கூப்பிட்டு மைக்கை அணைக்கிறவர்.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சண்டை ஒரு நீச்சல் குளத்தைப் பற்றியது.

சான் டிர்சோவில் கோடையில் வெயில் நூற்றுப் பத்து டிகிரியைத் தொடும். ஊரில் பொதுக்குளம் ஒன்றுதான். ஊர்ப் பூங்காவுக்குள், சமுதாயக் கூடத்தை ஒட்டி. ஒரு டாலர் கொடுத்தால் நாள் முழுக்கக் குளிக்கலாம். அது இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இருப்பது பாசன வாய்க்கால். பார்க்க அமைதியாக இருக்கும். உள்ளே இழுப்பு அதிகம். இரண்டு பக்கமும் வழுவழுவென்று சிமெண்டுச் சரிவு. பிடித்து ஏற ஒரு புல்கூட முளைக்காது. போன ஆகஸ்டில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி நகரசபை குளத்தைச் சீக்கிரமே பூட்டியது. நாலு பேர் பூட்டலாம் என்றார்கள், தியோலிந்தா ஒருத்திதான் கூடாது என்றாள். அந்த மாசக் கடைசியில் எலியூத் என்கிற பதினோரு வயதுப் பையன் வாய்க்காலில் இறங்கினான். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிற நியேவெஸின் மகன். மறுநாள் காலையில் மதகுக் கம்பிக்குப் பக்கத்தில் அவனை எடுத்தார்கள்.

தியோலிந்தாவுக்கு அது ஆறவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபப்பட்டாள், முக்கியமாகக் கொழுந்தன் மேல். லியோனல் கெட்டவர் இல்லை. சவ அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்று அழுதார். அதற்குப் பிறகு வாய்க்கால் ரோட்டில் காரை ஓட்டுவதே இல்லை, சுற்றிக்கொண்டு போகிறார். ஆனால் மேயர்களுக்கு அழுகை ஒரு பக்கம், திட்டம் இன்னொரு பக்கம்.

லியோனலின் திட்டம் லூசிதானியா தியேட்டர். கடைவீதி நடுவில் இருபது வருஷமாகப் புறா குடியிருந்த கட்டடம். அதைப் புதுப்பித்து, பக்கத்தில் ஒரு ஹோட்டல், முன்னால் ஒரு சதுக்கம், சதுக்கத்தில் நீரூற்று. கடைவீதியே உயிர் பெற்று எழுந்துவிடும் என்று ஊர் முழுக்கப் படம் போட்டு ஒட்டியிருந்தார். படத்தில் மக்கள் கையில் ஐஸ்கிரீமோடு சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அதில் ஒரு முகம்கூட ஊர்க்காரர்கள் முகம் மாதிரி இல்லை என்று தியோலிந்தா குறை சொன்னாள். படத்தில் இல்லாத சங்கதி இன்னொன்றும் இருந்தது. ஹோட்டலுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். குளத்தை மண் போட்டு மூடினால் இடம் கிடைக்கும். இதை லியோனல் சபையில் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு கிளாஸ் ஒயினுக்குப் பிறகு அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

"அடுத்த கோடைக்கு முன்னாடி மூடிடணும் அண்ணி. வருஷா வருஷம் நஷ்டம். எத்தனை நாளைக்குத்தான் தண்ணியில காசைக் கரைக்கறது?"

"பையன் செத்து நாலு மாசம்தான் ஆகுது லியோனல்."

"அதுக்கு வாய்க்காலுக்கு வேலி போடலாம்."

"எம்பது மைலுக்கா?"

அவர் இன்னொரு துண்டு பன்றித் தொத்திறைச்சியை எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் கடன் பத்திரத்துக்கான காகிதக் கட்டு உறுப்பினர்கள் வீட்டுக்கு வந்தது. தலையணை உயரம். மற்றவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். தியோலிந்தா அடுப்பில் பீன்ஸை வைத்துவிட்டு முதல் பக்கத்தைப் புரட்டினாள். தியேட்டருக்குப் பன்னிரண்டு மில்லியன் டாலர். சரி. இந்தத் தடவை எந்தக் கட்டடத்தை வாடகைக்கு விடுகிறார்கள்? நகரசபைக் கட்டடம் ஏற்கெனவே போலீஸ் நிலையம் கட்டிய கடனில் மாட்டிக்கொண்டிருந்தது. போலீஸ் நிலையம் தீயணைப்பு நிலையம் கட்டிய கடனில். தீயணைப்பு நிலையம் சாக்கடை போட்ட கடனில். ஊரில் மிச்சமிருந்தது ஒன்றுதான். பூங்கா, சமுதாயக் கூடம், நீச்சல் குளம்.

அவள் சிரித்த சிரிப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தது.

கொழுந்தனின் கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு அது வெறும் காகிதம். காகிதத்தில் குளத்தை வாடகைக்கு விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன, நிலம் எங்கும் ஓடிப்போகாது. பணம் கைக்கு வந்ததும் மண் போட்டு மூடிக்கொள்ளலாம். எந்த மாட்டைக் காட்டிக் கடன் வாங்கப் போகிறாரோ அதே மாட்டை வெட்டிச் சாப்பிடவும் நாள் குறித்திருந்தார். தியோலிந்தா தன் கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. தம்பி என்றால் அந்த மனுஷனுக்கு வாய் நிற்காது.

கூட்டம் நடந்த நாளில் அதிர்ஷ்டம் அவள் பக்கம் இருந்தது. ஐந்து பேரில் ஒருத்தி மகள் பிரசவத்துக்கு ஃபிரெஸ்னோ போயிருந்தாள். இன்னொருவர் அராம் கசாபியன். அவருடைய நகைக்கடை தியேட்டருக்கு எதிர்வாடையில். சொந்த லாபம் உள்ள விஷயத்தில் ஓட்டுப் போடக்கூடாது என்பது சட்டம். ஆகவே தியேட்டர் பேச்சு எடுத்ததும் அவர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பாதாம் கொறித்தார். மிச்சம் மூன்று பேர்: லியோனல், தியோலிந்தா, அப்புறம் வெர்னன் ஹாஃப் என்கிற உலர்திராட்சை வியாபாரி. வெர்னன் தூக்கத்தில்கூட மேயரோடு சேர்ந்துதான் கையைத் தூக்குவார். தீர்மானம் நிறைவேற மூன்று ஓட்டு வேண்டும். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் பத்திரம் சந்தைக்குப் போகிறது. வட்டி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. தள்ளிப்போட்டால் ஹோட்டல்காரர்கள் கம்பி நீட்டிவிடுவார்கள். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பத்திர வக்கீல் ஓகிட்டா வந்து முன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த, அவசரப்படாத பெண்.

"கேள்வி ஏதாச்சும் உண்டா? இல்ல. நல்லது" என்று லியோனல் ஒரே மூச்சில் சொல்லிச் சுத்தியலைத் தூக்கினார்.

"உண்டு மேயர் அவர்களே" என்றாள் தியோலிந்தா.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"வக்கீலம்மா, எனக்கு மாடு தெரியும், பத்திரம் தெரியாது. அதனால கேக்கறேன். நாங்க ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கோம். அது எங்களுக்குப் பயன்படாமப் போச்சுன்னா வாடகை குடுக்கணுமா?"

"இடிஞ்சோ எரிஞ்சோ பயன்படாமப் போனா குடுக்க வேண்டியதில்லைங்க. பத்திரம் வாங்கறவங்களுக்கு அதுதான் பெரிய பயம். அதனாலதான் நல்லா நடக்கற, ஊருக்குத் தேவையான கட்டடமா பாத்து வைக்கச் சொல்லுவோம். காப்பீடும் எடுப்போம்."

"சரி. குடியிருக்கறவனே மண்ணைப் போட்டு மூடினா?"

ஓகிட்டா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்படி எதாவது திட்டம் இருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? மேயரைக் கேளுங்க."

வக்கீல் மேயர் பக்கம் திரும்பினாள். "சார், இது கொஞ்சம் முக்கியம். அந்த மாதிரி யோசனை இருந்தா பத்திரம் வாங்கறவங்க கிட்ட முன்கூட்டியே சொல்லியாகணும். மறைச்சா மோசடி. அப்படின்னா நான் இன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் திருத்தி எழுதணும். நாளைக்கு விக்க முடியாது. யாராவது வாங்குவாங்களான்னும் தெரியல."

லியோனலின் முகம் வெளுத்துச் சிவந்து மறுபடி வெளுத்தது. ஆமாம் என்றால் தியேட்டர் போச்சு. இல்லை என்றால் அந்த இல்லை ஒலிப்பதிவில் ஏறிவிடும். அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி முகத்தை வைத்திருந்தாள்.

"எந்தத் திட்டமும் இல்ல" என்றார் மேயர்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் தியோலிந்தா. "எனக்கும் கேள்வி இல்ல."

நகரசபைக் கூட்டம் நின்றது, பலகைகள் திரும்பின. லியோனல் கழகத் தலைவராகச் சுத்தியலைத் தட்டினார். வெர்னன் இரண்டு தட்டலுக்கும் நடுவில் கண்ணைத் திறந்து மூடினார்.

"குத்தகையை ஏத்துக்கறவங்க கை தூக்குங்க."

"நான் ஏத்துக்க மாட்டேன்" என்றாள் தியோலிந்தா.

"இப்பத்தானே கேள்வி இல்லைன்னீங்க?"

"அது நகரசபை உறுப்பினர் தியோலிந்தா சொன்னது. அவ குடியிருக்கறவ, அவளுக்குக் கவலை இல்லாம இருக்கலாம். நான் கழக இயக்குநர் தியோலிந்தா. வீட்டுக்காரி. என் சொத்தை வாடகைக்கு விடறேன், எனக்குக் குடித்தனக்காரங்க மேல நம்பிக்கை இல்ல. போன ஆகஸ்டுல பாதிக் கோடையிலயே பூட்டுப் போட்டவங்க அவங்க."

சபையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் நிமிர்ந்தார்கள். கதவுக் கண்ணாடியில் அராமின் மூக்கு ஒட்டிக்கொண்டது.

"அண்ணி" என்று பல்லைக் கடித்தார் லியோனல், மைக் இருப்பதையும் மறந்து. "அந்தக் குடித்தனக்காரங்களும் நாமதான்."

"அதான் சொல்றேன், நம்மள எனக்குத் தெரியாதா?"

இந்த இடத்தில் வெர்னன்கூடச் சிரித்தார். அது தூக்கத்திலா விழிப்பிலா என்று யாருக்கும் தெரியவில்லை.

"வீட்டுக்காரிக்கு என்னதான் வேணும்?" என்றார் லியோனல்.

"ஒரே ஒரு வரி. ஜூன் முதல் தேதியிலேர்ந்து ஆகஸ்ட் முடியற வரைக்கும், வருஷா வருஷம், குடித்தனக்காரர் குளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கணும். இப்ப வாங்கற கட்டணத்துக்கு மேல வாங்கக் கூடாது. பத்திரக் கடன் அடையற வரைக்கும். மூடற திட்டம் எதுவும் இல்லைன்னு மேயரே சொல்லிட்டாரே, இதுல அவருக்கு என்ன நஷ்டம்?"

"பத்திரம் வாங்கறவங்களுக்கு இது பிடிக்கும்" என்றாள் ஓகிட்டா. கை ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தது. "ஆனா மேயர் சார், ஒண்ணு சொல்லிடறேன். இந்த வரி உள்ள வந்துட்டா அப்புறம்..."

லியோனல் கையைக் காட்டி அவள் பேச்சை நிறுத்தினார். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது, அது வந்ததுமே முகம் தெளிந்துவிட்டது. குடித்தனக்காரரும் நாம், வீட்டுக்காரரும் நாம். இன்றைக்கு எழுதியதை நாளைக்கு அடிக்க யாரைக் கேட்க வேண்டும்? பணம் வரட்டும். கோடைக்கு முன்னால் மகள் பிரசவத்துக்குப் போனவளும் ஃபிரெஸ்னோவிலிருந்து திரும்பிவிடுவாள். இரண்டு தடவை சுத்தியல் தட்டினால் போச்சு, அந்த வரியும் காலி அண்ணியும் காலி. அவர் நினைத்தது அவ்வளவும் அவருடைய மீசையில் தெரிந்தது. தியோலிந்தா அதைப் படித்துவிட்டு இன்னும் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டாள். ஏலத்தில் எதிராளி தான் ஜெயித்துவிட்டதாக நினைக்கிற நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வதுதான் அவள் வழக்கம்.

"எழுதுங்கம்மா, எழுதுங்க. எழுதத்தானே சம்பளம்" என்றார் மேயர் தாராளமாக. "அண்ணிக்கு... இயக்குநருக்குத் திருப்தியா?"

"திருப்தி."

பலகைகள் திரும்பின, திருத்தத்தை நகரசபையும் ஏற்றுக்கொண்டது. மூன்றுக்குப் பூஜ்யம். மறுநாள் பத்திரம் காலை காப்பிக்கு முன்பே விற்றுத் தீர்ந்தது.

பணம் வந்தது. தியேட்டரிலிருந்து புறாக்கள் காலி செய்தன. சாரம் கட்டினார்கள். லியோனல் தலையில் மஞ்சள் தொப்பியோடு தினம் படம் எடுத்துக்கொண்டார். மே மாசத்தில் ஒரு நாள், குளத்தைப் பற்றிய அந்த வரியை நீக்குவதற்கு ஒரு சின்னத் தீர்மானம் எழுதித்தரச் சொல்லி ஓகிட்டாவுக்குப் போன் போட்டார். போன் கால் மணி நேரம் நடந்தது. அதில் கால் நிமிஷம்தான் அவர் பேசினார்.

அந்த வாரக் கடைசியில் பரிசுத்த ஆவித் திருவிழா. போர்த்துகீசியர் கூடத்தில் ஊருக்கே இலவசச் சாப்பாடு. ரொட்டித் துண்டுகளின் மேல் புதினா இலையைப் போட்டு, கொதிக்கிற மாட்டிறைச்சிச் சாற்றை ஊற்றித் தருவார்கள். பரிமாறுவது ஊர்ப் பெரியவர்கள் வேலை. ரொட்டியும் புதினாவும் தியோலிந்தா. சாறு ஊற்றும் கரண்டி லியோனல் கையில். வரிசை வாசல்வரை நின்றது. வருகிறவர்களுக்கு இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே பல்லுக்கு நடுவில் சண்டை போட்டார்கள்.

"எனக்குக் குழி தோண்டிட்டீங்களே அண்ணி."

"குழியை மூடாதேன்னுதானே சொன்னேன்."

"அது நம்ம ரெண்டு பேருக்குள்ள எழுதினது. அதை மாத்த பேங்க்காரன் சம்மதம் வேணுமாம். எவனோ ஒரு பேங்க்காரன்! பத்திரம் வாங்கினவங்க சார்பா பொறுப்புல இருக்கானாம். மீறினா கேஸ் போடுவானாம். அப்புறம் நம்ம ஊர் பேரைச் சொல்லி எவனும் பத்து காசு கடன் குடுக்க மாட்டானாம்." ஒரு கிழவருக்குச் சாற்றை ஊற்றி, "நல்லா சாப்பிடுங்க" என்று சிரித்துவிட்டுத் திரும்பினார். "ரெண்டு பக்கமும் நாமதானே இருக்கோம்?"

"ரெண்டு பக்கமும் நாமதான். நடுவுல பணம் போட்டவன் நாம இல்லையே. சொந்த மாட்டைத் தானே ஏலம் கேட்டவன் எத்தனை பேரை நான் பாத்திருக்கேன். கொட்டகைக்குள்ள இன்னொருத்தன் நிக்கறதையே மறந்துடுவான்."

"அந்த வக்கீலாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தானே வாயைத் தெறந்தா? நீதான் கையைக் காட்டி அடக்கினே."

லியோனல் கரண்டியைச் சட்டியில் போட்டார். சாறு தெறித்து அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "ஹோட்டலுக்கு வண்டி நிறுத்தற இடத்துக்கு நான் எங்க போவேன்?"

"அராம் கடைக்குப் பின்னாடி காலி இடம் கெடக்கு. விக்கறதுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கார்."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே அண்ணி. எதுக்கு இந்தத் தில்லுமுல்லு?"

தியோலிந்தா ரொட்டியைக் கீழே வைத்தாள். "சபையில கேட்டேன். வீட்டுல கேட்டேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கு உன் தட்டுல சோறு போட்டுக்கிட்டே கேட்டேன். நீ தொத்திறைச்சி எடுத்துத் தின்னே. எனக்கு ராத்திரி தூக்கம் வரலைடா லியோனல். அந்தப் பையனை மதகுல எடுத்தப்ப நான் அங்க நின்னேன். நீ நிக்கல."

வரிசையில் அடுத்து நின்ற அம்மாள் கிண்ணத்தை நீட்டியபடி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். லியோனல் கரண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு திருவிழா முடியும்வரை சிரிக்காமல் சாற்றை மட்டும் ஊற்றினார்.

ஜூன் முதல் தேதி குளம் திறந்தது. பத்து மணிக்கே தரை சுட்டது. திறப்பு விழா என்று ஒன்றை லியோனலே ஏற்பாடு செய்திருந்தார். தப்பிக்க முடியாத இடத்தில் மாலையாவது வாங்கிக்கொள்ளலாம் என்பது அரசியல்வாதிகளுக்குத் தாய்ப்பாலோடு வருகிற ஞானம். நீலத் துணிப்பட்டையை வெட்டிவிட்டு அவர் மைக்கைப் பிடித்தார்.

"என் அன்பார்ந்த மக்களே, இந்தக் குளத்தை முப்பது வருஷத்துக்கு யாரும் தொட முடியாதபடி உங்க நகரசபை பாதுகாத்திருக்கு. அந்தத் தொலைநோக்கு..."

தியோலிந்தா எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டினாள். தொலைநோக்காம்! அவளுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. முப்பது வருஷம் இந்த மனுஷன் இந்தப் பெருமையைத் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டு திரியட்டும், அவளுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. நீண்ட நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் மனசு நிறைந்து சந்தோஷமாக இருந்தாள்.

கூட்டம் தண்ணீரைப் பார்த்து ஓடியது. வேலிக்கு வெளியே நியேவெஸ் நின்றிருந்தாள். தோட்ட வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டை, தொப்பி. பக்கத்தில் ஆறு வயது மகள் யாரெலி, மஞ்சள் நீச்சலுடையில், தாயின் கையிலிருந்து விடுபடத் துடித்துக்கொண்டு. தியோலிந்தா அவர்களிடம் போனாள். மேயரும் கத்திரிக்கோலைக் கையில் வைத்தபடியே பின்னால் வந்தார். ஓட்டுப் போடுகிறவர்களைக் கண்டால் கால் தானாக நடக்கும் அவருக்கு.

"உள்ள வாம்மா" என்றாள் தியோலிந்தா.

"இவளுக்கு நீச்சல் கத்துக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. காலையில வகுப்பு இருக்கு."

"அடுத்த வருஷமும் இருக்குமா? இவ இப்பத் தண்ணியில பழகிட்டு, அப்புறம் நீங்க பூட்டிட்டீங்கன்னா..." நியேவெஸ் நிறுத்தினாள். "பழகாத பிள்ளைதான் நல்லது. பழகின பிள்ளை தண்ணியைத் தேடிப் போயிடுது."

"பூட்ட முடியாதும்மா. யாராலயும் முடியாது. இவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பொறந்தாலும் இது தெறந்திருக்கும்."

"எப்படிச் சொல்றீங்க?"

தியோலிந்தா உற்சாகமாகச் சொன்னாள். ஊர் இந்தக் குளத்துக்கு வாடகை கட்டுகிறது, எங்கோ இருக்கிற பணக்காரர்கள் அந்த வாடகையை நம்பிப் பணம் போட்டிருக்கிறார்கள், பூட்டினால் அவர்கள் கேஸ் போடுவார்கள், அதனால் மேயருக்குப் பயம். சொல்லிவிட்டு மேயரை ஓரக்கண்ணால் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

நியேவெஸ் பொறுமையாகக் கேட்டாள். புரிந்துகொண்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பணக்காரங்க இந்த ஊருக்கு வந்திருக்காங்களா?"

"இல்ல."

"எலியூத்தைத் தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாது."

"அவன் செத்ததுக்குத் தெறக்கல" என்றாள் நியேவெஸ். குரலில் கோபம்கூட இல்லை. "வாடகைக்குத் தெறந்தீங்க."

எந்த ஏலக் கொட்டகையிலும் தியோலிந்தா இப்படி அடி வாங்கியதில்லை. இத்தனை சாமர்த்தியமும் இத்தனை சிரிப்பும் அந்தப் பெண் முன்னால் கூசி நின்றன. உண்மை அதுதான். ஒரு பிள்ளை செத்ததைச் சொல்லி மூன்று ஓட்டு வாங்க முடியவில்லை, வட்டியைக் காட்டித்தான் வாங்க முடிந்தது. "மன்னிச்சிடும்மா" என்று மட்டும் சொன்னாள். நியேவெஸ் அவளைப் பார்க்காமல் மேயரைப் பார்த்தாள்.

லியோனல் கத்திரிக்கோலைக் கோட்டுப் பைக்குள் போட்டார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார். குரல் மேயருடையதாக இல்லை.

"அண்ணி, ஆகஸ்ட் முடியற வரைக்கும்தானே எழுதியிருக்கு?"

"ஆமா."

"செப்டம்பர்லயும் இங்க நூறு டிகிரி அடிக்குதே."

"அதுக்குப் பேங்க்காரன் எவனும் கேக்க மாட்டான் லியோனல். செலவும் நம்ம தலையிலதான்."

"கேக்க வேண்டாம்" என்றார் அவர். "என் ஓட்டு இருக்கு, உங்க ஓட்டு இருக்கு. வெர்னனை நான் எழுப்பறேன்."

நியேவெஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு டாலரை எடுத்துச் சீட்டுக் கொடுக்கிறவளிடம் நீட்டினாள். மகளின் கையை விடாமலே அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.